கார் இல்லாமல் சுங்கை சிப்புட்டிலிருந்து ஊர் சுற்றுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் யாரிடம் ஊர் சுற்றும் பேச்சை எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி "யார் கார் எடுக்கிறா?" என்பதுதான். மாமா காரில் ஐந்து பேருக்கு மேல் ஏற முடியாது, தம்பிக்கு அன்று ஓவர் டைம், டோல் யார் கட்டுவது, பினாங்கில் பார்க்கிங் கிடைக்குமா என்று பேசிப் பேசியே பள்ளி விடுமுறை முடிந்துவிடும். இத்தனைக்கும் ரயில் நம் ஊரில் நின்றுவிட்டுத்தான் போகிறது. எல்பில், ஹீவூட், டோவன்பி என்று நீங்கள் எந்தத் தோட்டத்துப் பக்கம் இருந்தாலும் ஸ்டேசன் வரைக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் போதும், அதற்கு மேல் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். இந்த நாட்டில் பார்க்க வேண்டிய மலை, ஏரி, கடல், காடு எல்லாவற்றிலும் ஒரு நல்ல பங்கு அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலோ, அதன் முனையில் காத்திருக்கும் பஸ்ஸிலோ படகிலோதான் இருக்கிறது. எப்படிப் போவது என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் திரும்பி வருகிற வண்டியைப் பாருங்கள், போகிற வண்டியை அப்புறம் பார்க்கலாம். காலையில் எல்லா வண்டியும் ஓடும், ஒன்று போனால் இன்னொன்று. சாயங்காலம் அப்படி இல்லை. கடைசிக் கொமூட்டர் ரயில் எத்தனை மணிக்கு, கடைசி பெரி படகு எத்தனை மணிக்கு, அந்தச் சின்ன ஊரிலிருந்து டவுனுக்கு வருகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்றையும் வீட்டிலேயே பார்த்து, போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எங்கே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது தானாக வந்துவிடும். "போனில் கூப்பிட்டால் வருகிற கிராப் டாக்சி இருக்கே" என்பீர்கள். பட்டணத்திலிருந்து கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போக கிராப் வரும், கம்பத்திலிருந்து பட்டணத்துக்குத் திரும்பத்தான் வராது. இரவு ஏழு மணிக்கு ஏதோ ஒரு மீன்பிடி கிராமத்தில் நின்றுகொண்டு போனில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது, எந்த ரயில். நம் ஸ்டேசன் வழியாக இரண்டு வகை போகிறது. கொமூட்டர் ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஓடுகிறது, மெதுவாகப் போகும், இருக்கை எண் கிடையாது, கட்டணம் குறைவு, நம் ஊரில் நிற்கும். இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும், இருக்கை எண் உண்டு, விலை கூடுதல், எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. அதனால் கோலாலம்பூருக்கோ அதற்கும் தெற்கேயோ போகிறவர்கள் ஈப்போவில் ஏறினால் நேரங்கள் நிறைய கிடைக்கும். வடக்கே தைப்பிங், பினாங்கு என்றால் கொமூட்டரே போதும், ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் அது பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற வண்டி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் எதிரில் உள்ள கடையில் பசியாறிவிட்டு, பேப்பரையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடலாம்.

இடிஎஸ் டிக்கெட்டை ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் ஆப்பிலேயே வாங்கலாம், இருக்கையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். பெட்டியில் பாதி இருக்கைகள் பின்னோக்கிப் பார்க்கும். தலைசுற்றல் உள்ள அம்மாவை அதில் உட்கார வைத்துவிட்டு வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். அறுபது வயது தாண்டியவர்கள், மாணவர்கள், உடற்குறை உள்ளவர்கள் ஆகியோருக்குக் கட்டணக் கழிவு உண்டு. மைகாட் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் கேட்டு வாங்குங்கள், நாம் கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் வாரங்களில் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அப்புறம் ஒரு ஸ்வெட்டர். இடிஎஸ் குளிர் கேமரன் மலைக் குளிரைவிட மோசம்.

பழகிக்கொள்ள நினைப்பவர்கள் கோலகங்சாரில் ஆரம்பிக்கலாம், பக்கத்து ஸ்டேசன். வழியில் காராய் வரும்போது வண்டி பேராக் ஆற்றைக் கடக்கும், அப்போது பக்கத்திலேயே செங்கல் தூண்கள் மேல் நிற்கும் பழைய பாலத்தைப் பாருங்கள். அது 1900-இல் திறந்த விக்டோரியா பாலம். நூறு வருடம் ரயிலைச் சுமந்துவிட்டு இப்போது சும்மா நிற்கிறது, கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் அதை விடுவதில்லை. கோலகங்சாரில் இறங்கினால் டவுன் நடக்கிற தூரம்தான். தங்கக் குவிமாடம் வைத்த உபுடியா பள்ளிவாசலைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள், பார்க்க வேண்டியதுதான், 1917-இல் கட்டி முடித்தது, வரைந்தவர் ஹப்பேக். ஈப்போ ரயில் ஸ்டேசனும் அவர் வரைந்ததே. ஆனால் நம் ஆட்கள் யாரும் நின்று பார்க்காமல் போய்விடுகிற ஒன்று அந்த டவுனிலேயே மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இருக்கிறது. வேலி போட்ட ஒரு ரப்பர் மரம். 1877-இல் வெள்ளைக்கார அதிகாரி ஹியூ லோ கொண்டுவந்து நட்ட கன்றுகளில் எஞ்சியது என்கிறார்கள். பால்மரம் என்றால் நமக்குத் தெரிந்தது வரிசையாக, ஒல்லியாக, கழுத்தளவுக்குக் கோடு கோடாக வெட்டுக்காயம் பட்டு, கோப்பை தொங்கிக்கொண்டு நிற்பதுதான். இது அப்படி இல்லை, அடி பெருத்து, முண்டும் முடிச்சுமாக, தனியாக நிற்கிறது. பாட்டி தாத்தா பால் வெட்டிய குடும்பம் என்றால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நாம் இந்த நாட்டுக்கு வந்த கதையில் இந்த மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கோலகங்சாரிலிருந்து வடக்கே போகும் பாதைதான் என்னைக் கேட்டால் மேற்குக் கரையிலேயே அழகு. பாடாங் ரெங்காஸ் பக்கம் குனோங் போண்டோக் என்கிற சுண்ணாம்புக் குன்று தனியாக எழுந்து நிற்கும். அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் மலைக்குள் சுமார் 3.3 கிலோமீட்டர் சுரங்கம். வெளியே வந்தால் தைப்பிங். தைப்பிங்கையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் புக்கிட் மேரா ஏரி வரும். அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர். 3.5 கிலோமீட்டர் அளவுக்குப் பாலத்தின் மேல் வண்டி போகிறது, கீழே கரை தெரியாது, அல்லித் தழைக் கூட்டமும் பட்டுப்போன மரக்கட்டைகளும் தூண்டிலோடு நிற்கும் சின்னப் படகுகளும் ஜன்னலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போகும். கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச 1906-இல் தேக்கிய ஏரி அது. ஏரி முடிந்ததும் பாகான் செராய், பாரிட் புந்தார் என்று அந்த வயல்களே தொடங்கிவிடும். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடையாது, அவர்கள் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் ஒன்றுதான். போனை மட்டும் பைக்குள் வையுங்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

தைப்பிங்கில் இறங்குகிறவர்களுக்கு ஒரு நாள் நல்ல வேலை இருக்கிறது. ஏரிப் பூங்கா ஸ்டேசனிலிருந்து நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும், வெயிலில் வயசானவர்களை நடக்க வைக்காமல் கிராப் போட்டுக்கொள்ளுங்கள், டவுனுக்குள் கிடைக்கும். ஈயம் எடுத்த குழிகளை 1880-இல் பூங்காவாக மாற்றியது, கரையில் உள்ள தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர் வரைக்கும் கிளையைத் தாழ்த்திக் கிடக்கும். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்கிற டவுன் என்று பெயர் எடுத்த ஊர், குடை இல்லாமல் போகாதீர்கள், ஏரியைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. இப்போது தண்டவாளம் இல்லை, ஸ்டேசன் இல்லை, காப்பிக் கடை முன்னால் ஒரு பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். தைப்பிங் பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை, இறங்கும்போதே டிரைவரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், கரிச்சூளையும் பார்க்கலாம், மண்ணால் கட்டிய கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், வாசனை சட்டையை விட்டுப் போகாது. பொழுது சாய்வதற்குள் தைப்பிங்குக்கு வந்துவிடுங்கள், கடைசிக் கொமூட்டர் காத்திருக்காது.

பினாங்கு பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், அதனால் போக்குவரத்தை மட்டும் சொல்கிறேன். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம் பக்கத்திலேயே, அங்கிருந்து பெரி துறைக்கு நடந்தே போகலாம். கையில் காசு ஏற்றி வைத்த டச் அண்ட் கோ கார்டு இருக்கட்டும், காசை நீட்டி நின்றால் வேலைக்கு ஆகாது. அக்கரையில் இறங்கியதும் பஸ் நிலையம். 204 எண் பஸ் ஆயர் ஹீத்தாம் வழியாகக் கொடிமலை (பினாங் ஹில்) அடிவாரம் வரை போகும், 101 எண் பஸ் பத்து பெரிங்கி கடற்கரை வழியாகத் தெலுக் பாஹாங் போகும், இந்த இரண்டையும் நினைவில் வைத்தாலே தீவில் பாதி முடிந்தது. சில்லறை சரியாக வைத்திருங்கள், பஸ் டிரைவர் பாக்கி தர மாட்டார். கொடிமலைக்கு ஏறும் மலை ரயில் 1923-இலிருந்து ஓடுகிறது, முன்பெல்லாம் பாதி மலையில் இறங்கி வண்டி மாற வேண்டும், 2011-இல் மாற்றிக் கட்டிய பிறகு ஒரே மூச்சில் மேலே. மைகாட் காட்டினால் உள்ளூர் விலை. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கும். சாமியைக் கும்பிட்டுவிட்டு, தீவும் பாலமும் கடலும் மொத்தமாகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். வேலை நாளில் லீவு எடுத்துப் போவதுதான் சரி.

காலில் பலம் இருந்தால் தெலுக் பாஹாங்கில் தேசியப் பூங்கா இருக்கிறது, 101 பஸ் கடைசி நிறுத்தம் அதன் பக்கத்தில்தான். வாசலில் பதிந்துவிட்டு உள்ளே போக வேண்டும். கெராச்சுட் கடற்கரை வரை ஏறி இறங்கி நடை, போக வர அரை நாள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே நாளில் இதையும் கொடிமலையையும் சேர்த்துச் செய்ய நினைக்க வேண்டாம்.

இப்போது ஈப்போ. நம்மவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், ஏனென்றால் ஈப்போவில் பஸ் நிலையம் இரண்டு. மேடான் கிட் ரயில் ஸ்டேசனிலிருந்து நடக்கிற தூரம், அது உள்ளூர் பஸ்களுக்கு. வெளியூர் பஸ் அமான்ஜெயாவிலிருந்து, அது டவுனுக்கு வெளியே தள்ளி இருக்கிறது. ரயிலில் இறங்கி அரை மணியில் கேமரன் பஸ் பிடித்துவிடலாம் என்று டிக்கெட் போடாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள்.

கேமரன் மலைக்கு ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகவும் போகலாம், தாப்பாவிலிருந்து பழைய சாலையிலும் போகலாம். சிம்பாங் பூலாய் சாலை அகலம், வயிற்றுக்கு நல்லது. தாப்பா சாலை வளைவோ வளைவு, ஆனால் காடும் அருவியும் அங்கேதான், டானா ராத்தா வருமுன்னே தேயிலைச் சரிவு ஜன்னலில் வந்துவிடும். தாப்பா ரோடு ரயில் ஸ்டேசன் வேறு, தாப்பா டவுன் வேறு, நடுவில் சில மைல் இருக்கிறது, அதைத் தெரியாமல் ரயிலில் போய் இறங்கி முழித்தவர்கள் நிறைய. வாந்தி வருகிற ஆள் என்றால் முன் இருக்கை, இஞ்சி மிட்டாய், வெறும் வயிற்றோடு ஏறாமல் லேசாக ஏதாவது. டானா ராத்தாவில் தங்கினால் கார் இல்லாமலே இரண்டு நாள் ஓட்டலாம், எண் போட்ட காட்டுப் பாதைகள் ஊருக்குப் பின்னாலிருந்தே தொடங்குகின்றன, பாரிட் அருவி, ராபின்சன் அருவி எல்லாம் நடை. பிரிஞ்சாங் பக்கம் உள்ள பெரிய தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் டாக்சி பேசிக்கொள்ளுங்கள், உள்ளே பஸ் போகாது. பள்ளி விடுமுறையில் அந்த மலைச் சாலையில் வண்டிகள் நகராது, பஸ்ஸும் அதே வரிசையில்தான் நிற்கும்.

பங்கோர் தீவு இதைவிடச் சுலபம், ஆச்சரியமாக நம்மில் பலர் போனதில்லை, அல்லது மாசி மகத்துக்கு வேன் பேசிப் போனதோடு சரி. ஈப்போவிலிருந்து லூமுட் பஸ், எந்த நிலையத்திலிருந்து என்று அன்று கேட்டுக்கொள்ளுங்கள். லூமுட் பஸ் நிலையமும் படகுத் துறையும் பக்கம் பக்கம். படகு ஏறக்குறைய முக்கால் மணி. முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும், காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே இறங்க வேண்டும், கடற்கரைக்குப் போகிறவர்கள் அடுத்த துறை. தீவில் பஸ் கிடையாது, ரோஸ் நிற வேன்கள்தான் டாக்சி. ஏறுமுன் விலை பேசுங்கள், மொத்தத் தீவையும் சுற்றிக் காட்ட ஒரு விலை சொல்வார்கள், நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

கடைசியாக, இரண்டு மூன்று நாள் லீவு இருக்கிறவர்களுக்கு. ரயிலும் பஸ்ஸும் சேர்த்து நாட்டையே ஒரு வட்டம் அடிக்கலாம், எனக்கு இதில்தான் ஆசை அதிகம். ஈப்போவிலிருந்து கிழக்குக் கரைக் கிளந்தானில் உள்ள கோத்தா பாருவுக்குப் பகல் பஸ் பிடியுங்கள். நிறைய பேர் இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. பகலில் போனால் லெங்கோங், கிரிக் தாண்டி 1982-இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, தெமெங்கோர் ஏரி மேல் பாலம், அதற்கு அப்பால் மைல் கணக்கில் காடு, யானை கடக்கும் என்று எச்சரிக்கைப் பலகை. கோத்தா பாருவில் ஒரு இரவு தங்கிவிட்டு வாக்காப் பாருவுக்குப் போங்கள், டவுனுக்குள் ரயில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள அதுதான் பக்கத்து ஸ்டேசன். அங்கிருந்து தெற்கே வருவதுதான் காட்டு ரயில். 1931-இல் முடித்த பாதை, தும்பாட்டிலிருந்து கெமாஸ் வரை ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். இரவு எக்ஸ்பிரசை விட்டுவிட்டுப் பகலில் ஓடும் சின்ன வண்டியை எடுங்கள். கோலக்கிராய் தாண்டியதும் சாலை விலகிப் போய்விடும், ஆறும் பாலமும் காடும்தான், நடுநடுவே நாலு வீடு உள்ள ஒரு நிறுத்தம், யாரோ ஒரு பாட்டி கூடையோடு இறங்குவார். டாபோங்கில் ஸ்தோங் மலை அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். குவா மூசாங்கில் ஸ்டேசனுக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாதையில் ஒரு பகுதித் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய் சயாம் மரண ரயில் பாதையில் போட்டான். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன ஆட்களில் பலரும் அங்கேதான் செத்தார்கள். போருக்குப் பிறகு திரும்பப் போட்ட தண்டவாளத்தில்தான் இப்போது உட்கார்ந்து போகிறோம்.

இந்தச் சுற்றில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே யோசியுங்கள். கிளந்தானில் வெள்ளிக்கிழமை விடுமுறை, பல கடைகள் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்களுக்கு இன்னும் சிரமம். முதல் நாளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம், அப்புறம் பழமும் ரொட்டியும் பையில் இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் மழைக்காலம், 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலமே அடித்துக்கொண்டு போனது, அந்த மாதங்களில் மேற்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குவா மூசாங்கிலோ கோலா லிப்பிசிலோ ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சின்ன வண்டி மாறித்தான் கெமாசுக்கு வர முடியும். லிப்பிஸ் ஒரு காலத்தில் பகாங்கின் தலைநகரம், பழைய வெள்ளைக்காரன் கட்டடங்கள் நிறைய, நடந்தே பார்க்கலாம். காட்டு ரயில் தாமதமாவது சகஜம், அதனால் கெமாசில் இறங்கி வடக்கே வரும் இடிஎஸ்ஸுக்கு டிக்கெட் போடும்போது, நேரத்துக்குச் சரியாக இணைகிற வண்டியை எடுக்காமல் அதற்கு அடுத்த வண்டியை எடுங்கள்.